கோபத்திலும் குதூகலத்திலும் பிடி நழுவும் வயது: பதின்பருவத்தினரின் தன்கட்டுப்பாடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதின்மூன்று முதல் பத்தொன்பது வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும், சில வேளைகளில் அந்தப் பிள்ளைகளே நேரடியாகவும், திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடையளித்திருக்கிறேன். பள்ளி மாணவர்களுக்கு மனநல ஆலோசனை வழங்கும் பணியில் இருப்பதால், ஆய்வுகள் சொல்வதோடு என் சொந்தக் கருத்தையும் சில இடங்களில் சேர்த்திருக்கிறேன்.

நிதானமாக இருக்கும்போது என் மகன் எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறான். கோபம் வந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுகிறான். முன்பு சொன்னதெல்லாம் நடிப்பா?

நடிப்பு இல்லை. சோற்றுக்கு முன் உட்கார்ந்து அமைதியாகப் பேசும்போது அவன் சொன்னது அவனுடைய உண்மையான அறிவு. ஆத்திரம் தலைக்கேறிய நொடியில் அந்த அறிவு அவன் கைக்கு எட்டுவதில்லை என்பதே சிக்கல்.

உளவியல் ஆய்வாளர்கள் இதைக் குளிர்ந்த நிலைச் சிந்தனை, சூடான நிலைச் சிந்தனை என்று பிரித்துப் பார்க்கிறார்கள். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் பதின்பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் ஒரே சீட்டு விளையாட்டு இரண்டு விதமாகக் கொடுக்கப்பட்டது. கவிழ்த்து வைக்கப்பட்ட 32 சீட்டுகளில் பெரும்பாலானவை புள்ளிகளைக் கூட்டும். சில மட்டும் புள்ளிகளைப் பறிக்கும். முதல் விதத்தில் எத்தனை சீட்டுகளைத் திருப்பப் போகிறோம் என்பதை முன்கூட்டியே ஒரு எண்ணாகச் சொல்லிவிட வேண்டும். இதில் பதின்பருவத்தினர் பெரியவர்களைப் போலவே அளவோடு முடிவெடுத்தார்கள். இரண்டாம் விதத்தில் ஒவ்வொரு சீட்டாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் லாபத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, போதும் என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். இங்கே அவர்கள் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் பெரியவர்களைவிட அதிகமாகத் துணிந்தார்கள். விதிகளும் கணக்கும் மாறவில்லை. "இன்னும் ஒன்று" என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும் பரபரப்பு மட்டுமே கூடியிருந்தது.

இது ஒரு நாட்டுப் பிள்ளைகளின் இயல்பாக இருக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் பல நாட்டு ஆய்வாளர்களும் இணைந்து, இந்தியா, சீனா, கென்யா, ஜோர்டான், கொலம்பியா, சுவீடன் உள்ளிட்ட 11 நாடுகளில் 10 முதல் 30 வயது வரையுள்ள 5,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். அமைதியான சூழலில் தகவல்களை எடைபோட்டுச் சிந்திக்கும் திறன் ஏறத்தாழ 16 வயதில் பெரியவர்களின் அளவை எட்டிவிடுவதையும், உந்துதலை அடக்குதல், பின்விளைவை எண்ணுதல் போன்ற திறன்கள் 18 வயதைக் கடந்த பிறகும் வளர்ந்துகொண்டிருப்பதையும் 2019-இல் வெளியான அதன் முடிவுகள் காட்டின. அதாவது பதினாறு வயதுப் பிள்ளை அறிவில் நமக்கு நிகராக வந்துவிடுகிறது. அந்த அறிவைக் கொதிப்பின் நடுவிலும் பயன்படுத்தும் பக்குவம் இன்னும் சில ஆண்டுகள் பின்தங்கி வருகிறது. இந்த இடைவெளியில்தான் நம் வீட்டுச் சண்டைகளில் பெரும்பாலானவை நடக்கின்றன.

மூளையில் அப்போது என்னதான் நடக்கிறது?

பூப்புப் பருவத்தின் ஹார்மோன் மாற்றங்களோடு, மூளையின் உட்பகுதியில் உள்ள, இன்பத்தையும் வெகுமதியையும் உணரும் பகுதிகள் கூர்மையடைகின்றன. அச்சுறுத்தலையும் முகபாவங்களையும் விரைந்து உணரும் அமிக்டலாவும் இந்த வயதில் மிகுந்த வேகத்தோடு எதிர்வினை காட்டுகிறது. இவற்றை நெறிப்படுத்த வேண்டிய நெற்றிமடலின் முன்பகுதி மெதுவாகவே முதிர்கிறது. அங்கே தேவையற்ற இணைப்புகள் கழிக்கப்படுவதும், நரம்பிழைகளைச் சுற்றி மையலின் உறை படிந்து செய்திகள் வேகமாகச் செல்லத் தொடங்குவதும் இருபதுகளின் நடுப்பகுதி வரை நீடிக்கின்றன. மூளை ஆய்வாளர் பி. ஜே. கேஸி, மேலே சொன்ன ஸ்டைன்பெர்க் ஆகியோர் விளக்கிய இந்தச் சமமின்மையே இன்று இத்துறையில் பரவலாகப் பேசப்படும் கருத்து.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, "பதின்பருவத்தினருக்கு மூளையின் முன்பகுதி வேலையே செய்யாது" என்று சிலர் மேடைகளில் சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. அமைதியான சூழலில் அந்தப் பகுதி நன்றாகவே வேலை செய்கிறது என்பதைத்தான் மேலே கண்டோம். அதுபோல 25 வயது நிறைந்த காலையில் மூளை முழுமையடைந்துவிடும் என்பதும் மிகைப்படுத்தல். ஒருவருக்கொருவர் வேறுபாடு மிகுதி. ஒரே பிள்ளையிடமே நாளுக்கு நாள் வேறுபாடு மிகுதி.

கோபமும் துக்கமும் கட்டுப்பாட்டைக் குலைக்கும் என்பது புரிகிறது. மகிழ்ச்சியுமா?

ஆம். நாம் பெரிதும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

லியா சோமர்வில், கேஸி ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள், பதின்பருவத்தினர், பெரியவர்கள் ஆகிய மூன்று பிரிவினருக்கும் திரையில் முகங்கள் ஒவ்வொன்றாகக் காட்டப்பட்டன. குறிப்பிட்ட வகை முகம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். மற்ற வகை வந்தால் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். சாதாரண முகத்துக்குக் கையை அடக்க வேண்டியிருந்தபோது பதின்பருவத்தினர் சிறப்பாகவே செய்தார்கள். சிரித்த முகத்துக்கு அடக்க வேண்டியிருந்தபோது, குழந்தைகளைவிடவும் பெரியவர்களைவிடவும் அதிகமாகத் தவறி அழுத்தினார்கள். ஒரு புன்னகையே கையை இழுத்துவிடுகிறது என்றால், திருவிழாக் கூட்டமும், மேளச் சத்தமும், கடைசித் தேர்வு முடிந்த மதிய வேளையும் என்ன செய்யும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அழுகையையும் ஆத்திரத்தையும் கண்டால் பெற்றோர் உடனே எச்சரிக்கையாகிறார்கள். பிள்ளை துள்ளிக்கொண்டிருக்கும் நாளில் "சந்தோஷமாகத்தானே இருக்கிறான்" என்று வண்டிச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். சாவியை எடுத்து உள்ளே வைக்க வேண்டிய நாள் அதுதான் என்று நான் பெற்றோர் கூட்டங்களில் வற்புறுத்திச் சொல்லி வருகிறேன்.

தனியாக இருக்கும்போது பொறுப்பாக இருக்கும் பிள்ளை, நண்பர்களோடு சேர்ந்தால் மட்டும் ஏன் மாறிவிடுகிறது? நண்பர்கள்தான் கெடுக்கிறார்களா?

கெடுக்க வேண்டிய தேவையே இல்லை. உடன் இருந்தாலே போதும்.

மார்கோ கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் 306 பேர் கணினியில் ஒரு காரோட்டும் விளையாட்டை ஆடினார்கள். போக்குவரத்து விளக்கு எந்த நேரமும் சிவப்பாக மாறலாம். அதற்குள் எவ்வளவு தூரம் போகிறார்களோ அவ்வளவு புள்ளி. சிலர் தனியாகவும் சிலர் தம் வயதினர் இருவரோடும் ஆடினார்கள். 24 வயதைக் கடந்தவர்கள் இரண்டு நிலையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓட்டினார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் நண்பர்கள் உடனிருந்தபோது தனியாக ஆடியதைவிட மிகவும் அதிகமாகத் துணிந்தார்கள். 2011-இல் இதை மூளைப் படக்கருவிக்குள் வைத்துச் சோதித்தபோது, நண்பர்கள் அடுத்த அறையில் திரையில் பார்த்துக்கொண்டு மட்டுமே இருந்தார்கள். அப்படியிருந்தும் பதின்பருவத்தினரின் மூளையில் வெகுமதியை உணரும் பகுதிகள் கூடுதலாகக் கிளர்ந்தன. பேச்சே இல்லாத இளம் எலிகளைக்கூட ஒத்த வயது எலிகளோடு விட்டபோது அவை தனியாக இருந்ததைவிட அதிகமாக மதுவைக் குடித்தன என்றும், வளர்ந்த எலிகளிடம் அந்த மாற்றம் இல்லை என்றும் 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. எனவே "எவனோ சொல்லிக்கொடுத்திருக்கிறான்" என்று தேடிப் போவதில் பெரும்பாலும் பொருள் இல்லை. நான்கு நல்ல பிள்ளைகள் சேர்ந்து ஓர் ஆபத்தான செயலைச் செய்துவிட முடியும்.

இதிலிருந்து நடைமுறைக்கு வருவோம். சில நாடுகளில் புதிதாக உரிமம் பெற்ற இளைஞர்கள் தம் வயது நண்பர்களை ஏற்றிச் செல்ல முதல் சில மாதங்களுக்குத் தடை உண்டு. இந்தியாவில் அப்படியொரு விதி இல்லை; ஆனால் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, உரிமமில்லாத சிறார் வண்டியோட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்; வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும்; அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. தெருமுனைக் கடைக்குத்தானே என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் வண்டியைக் கொடுப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். உரிமம் பெற்ற பிள்ளையாக இருந்தாலும், முதல் ஓராண்டு பின்னிருக்கையில் நண்பனை ஏற்றாதே என்பதை வீட்டின் விதியாக்கலாம். "வேகமாகப் போகாதே" என்ற அறிவுரையைவிட இது பயன்தரும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் பரபரப்பின் நடுவில் தன்னை அடக்க வேண்டும். நண்பனை ஏற்றாமல் இருப்பதற்கு வீட்டை விட்டுக் கிளம்பும்போது எடுத்த ஒரு முடிவே போதும்.

வாட்ஸ்அப் குழுவிலிருந்து தோழிகள் நீக்கிவிட்டார்கள் என்பதற்காக மகள் இரண்டு நாட்களாகச் சாப்பிடாமல் புத்தகத்தைத் தொடாமல் இருக்கிறாள். இவ்வளவு சிறிய விஷயத்துக்கா?

உங்களுக்குச் சிறியது, அவளுக்கு இல்லை. ஒதுக்கப்படுதலின் வலியை அளப்பதற்கென்றே ஒரு கணினிப் பந்து விளையாட்டு இருக்கிறது. மூவர் பந்தை எறிந்து விளையாடுவார்கள். சற்று நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்கு எறிவதை நிறுத்திவிடுவார்கள். சாரா-ஜெய்ன் பிளேக்மோர் உள்ளிட்டோர் 2010-இல் சிறுமிகளிடமும் பெண்களிடமும் இதைச் சோதித்தபோது, முகமறியாத இருவர் பந்து எறியாததற்கே பதின்பருவச் சிறுமிகளின் மனநிலை வளர்ந்த பெண்களைவிட அதிகமாகச் சரிந்தது. நாள்தோறும் ஒரே பெஞ்சில் உட்காரும் தோழிகள் ஒதுக்கினால் எப்படியிருக்கும் என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம்.

அந்த நிலையில் "போனால் போகட்டும், படி" என்று சொல்வது அவளிடம் இப்போது இல்லாத கட்டுப்பாட்டைக் கேட்பதாகும். முதலில் அவளோடு உட்காருங்கள். யார் என்ன சொன்னார்கள் என்பதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். அந்தத் தோழிகளின் அம்மாக்களுக்கு அவளைக் கேட்காமல் தொலைபேசியில் அழைத்துவிடாதீர்கள். அந்த ஓர் அழைப்பால் அவள் இனி உங்களிடம் எதையும் சொல்லாமல் போகலாம்.

திட்டும்போது காதில் வாங்கிக்கொள்வதே இல்லை. சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. இது திமிரா?

திமிராகவும் சில வேளைகளில் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் வேறொன்று நடக்கிறது.

2015-இல் வெளியான ஓர் ஆய்வில், மனநலப் பாதிப்பு ஏதுமில்லாத 32 பிள்ளைகளுக்கு மூளைப் படக்கருவிக்குள் அவரவர் தாயின் பதிவுசெய்த குரல் கேட்கவைக்கப்பட்டது. சில பதிவுகளில் தாய் குறைசொன்னார், சிலவற்றில் பாராட்டினார், சிலவற்றில் பொதுவான ஏதோ ஒன்றைப் பேசினார். குறைசொல்லும் குரலைக் கேட்டபோது உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதிகளின் செயல்பாடு கூடியது. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பகுதிகளின் செயல்பாடு குறைந்தது. பிறர் மனத்தில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ள உதவும் பகுதிகளின் செயல்பாடும் குறைந்தது. நான் பலமுறை நினைத்துப் பார்த்து வருந்துவது இந்தக் கடைசி முடிவை எண்ணித்தான். "என் நிலைமையில் இருந்து கொஞ்சம் யோசித்துப் பார்" என்று நாம் கண்ணீரோடு கெஞ்சும் அதே நேரத்தில், நம் நிலைமையில் இருந்து யோசிக்கும் வாசலை நம் குரலே சாத்திவிடுகிறது.

இதனால் பிள்ளைகளைக் கண்டிக்கவே கூடாது என்று ஆகிவிடாது. கண்டிப்பு எப்போது, எவ்வளவு என்பதே கேள்வி. ஒரு தவறுக்கு ஒரு வாக்கியம் போதும். போன மாதத் தவறையும், அத்தை மகனின் மதிப்பெண்ணையும், பிறந்ததிலிருந்து நீங்கள் பட்ட பாட்டையும் அதனுடன் சேர்க்க வேண்டாம். விருந்தினர் முன்னாலும், தம்பி தங்கை முன்னாலும் சொல்ல வேண்டாம். பதின்பருவத்தில் மதிப்பு இழப்பது என்பது உடல் அடிபடுவதற்கு நிகரானது. மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ளத் துடிக்கும் பிள்ளை தன் தவறைப் பார்க்காது.

பெண்பிள்ளைகளுக்கு இயல்பாகவே கட்டுப்பாடு அதிகமா?

பரபரப்பைத் தேடும் போக்கு சராசரியாக ஆண்பிள்ளைகளிடம் சற்றுக் கூடுதலாகவே காணப்படுகிறது. ஆனால் நம் வீடுகளில் ஆண்பிள்ளைக்குக் கோபத்தையும் பெண்பிள்ளைக்கு அழுகையையும் மட்டும் அனுமதித்து வளர்த்துவிட்டு, பிறகு அதையே இயற்கை என்று சொல்லிவிடுகிறோம். வெளியே சத்தம் போடாத பெண்பிள்ளை உள்ளே கட்டுப்பாட்டோடு இருக்கிறாள் என்று கருதிவிட வேண்டாம்.

விடியற்காலை டியூஷனுக்கு எழுப்புகிறோம். அந்த நாட்களில் எரிச்சல் அதிகமாக இருக்கிறது. தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. பூப்புப் பருவத்தில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. சோம்பலும் கைப்பேசியும் இல்லாத பிள்ளைக்கும் பத்து மணிக்குத் தூக்கம் வராமல் போவதற்கு இது ஒரு காரணம். 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழும் பிள்ளைக்குக் கிடைப்பது 5 மணி நேரம்.

இளைஞர்களை ஓர் இரவு முழுவதும் விழித்திருக்கச் செய்து 2007-இல் நடத்திய ஆய்வில், மனத்தை உறுத்தும் படங்களைக் கண்டபோது அவர்களின் அமிக்டலா, நன்றாக உறங்கியவர்களைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு அதிகமாகக் கிளர்ந்தது. நெற்றிமடலோடு அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. கலிபோர்னியா மாநிலத்தில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்பது சட்டம். நாம் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. காலை டியூஷன், மாலை டியூஷன் இரண்டில் ஒன்றை நிறுத்திப் பார்த்து, ஒரு மாதம் கழித்து வீட்டில் சத்தம் குறைந்திருக்கிறதா என்று கவனிக்கலாம். மதிப்பெண் குறைந்துவிடும் என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. தூங்கி விழும் பிள்ளையின் தலைக்குள் அந்தக் காலை வகுப்பு எவ்வளவு போகிறது என்பதையும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிறு வயதில் இனிப்பைச் சாப்பிடாமல் காத்திருந்த குழந்தைகள்தாம் பிற்காலத்தில் முன்னேறினார்கள் என்று படித்தேன். என் மகளுக்குச் சிறு வயதிலிருந்தே பொறுமை கிடையாது. இனி அவ்வளவுதானா?

நீங்கள் சொல்வது வால்டர் மிஷெல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் 1960-களின் பிற்பகுதியில் தொடங்கிய சோதனை. இப்போதே ஒரு இனிப்பு, அல்லது காத்திருந்தால் இரண்டு. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைக் கொண்டு அது மறுபடி ஆராயப்பட்டது. குடும்பத்தின் பொருளாதார நிலை, தாயின் கல்வி போன்றவற்றைக் கணக்கில் சேர்த்ததும், காத்திருந்ததற்கும் பிற்கால வெற்றிக்கும் இருந்த தொடர்பு பெருமளவு மெலிந்துவிட்டது. நாளைக்கு நிச்சயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ள வீட்டுக் குழந்தைக்குத்தான் காத்திருப்பதில் பொருள் இருக்கிறது.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73-இல் பிறந்த 1,037 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு, சிறு வயதுத் தன்கட்டுப்பாடு 32 வயதில் உடல்நலத்தையும் வருமானத்தையும் ஓரளவு முன்னறிவிக்கிறது என்று காட்டியது உண்மையே. ஆனால் அதே ஆய்வில், வளரும்போது கட்டுப்பாடு மேம்பட்டவர்களின் வாழ்க்கை எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்ததும் தெரிந்தது. மிஷெலின் குழந்தைகளிடம் நான் பெரிதாகக் கருதுவது வேறு ஒன்று. காத்திருந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இனிப்பை முறைத்துப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்கள், திரும்பி உட்கார்ந்தார்கள், தமக்குள் பாட்டுப் பாடிக்கொண்டார்கள். இவற்றை எந்த வயதிலும் கற்றுக்கொள்ளலாம்.

கோபத்தை அடக்கிக்கொள்ளப் பழக்கினால் சரியாகிவிடும் அல்லவா?

அடக்குவது வேறு, ஆற்றுவது வேறு. இந்த வேறுபாட்டை நம் மொழி முன்பே அறிந்து வைத்திருக்கிறது. ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளரின் ஆய்வுகளின்படி, முகத்தில் காட்டாமல் உணர்ச்சியை அமுக்கிக்கொள்பவர்களுக்கு உள்ளே இருக்கும் கொதிப்பு குறைவதில்லை. உடல் மேலும் படபடக்கிறது, அந்த நேரத்தில் கேட்டதும் பார்த்ததும் நினைவில் சரியாகத் தங்குவதில்லை. நடந்ததை வேறு கோணத்தில் எண்ணிப் பார்ப்பவர்களுக்கு உணர்ச்சியே தணிகிறது. "ஆசிரியர் வேண்டுமென்றே என்னை அவமானப்படுத்தினார்" என்பதை "அவர் அன்று எல்லோரிடமும் அப்படித்தான் இருந்தார்" என்று மாற்றி எண்ணுவது ஓர் எடுத்துக்காட்டு. இது வளரும் திறன். பதின்மூன்று வயதில் கடினம், பதினெட்டில் சற்று எளிது.

அதற்கு முந்தைய படி, உணர்ச்சிக்குப் பெயர் சொல்வது. மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் செய்த ஆய்வில், ஒரு முகத்தில் தெரியும் உணர்ச்சிக்கு ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்ததே அமிக்டலாவின் கொதிப்பைத் தணித்தது. நம் பிள்ளைகளிடம் இதற்கு ஒரு தடை இருக்கிறது. என் அறைக்கு வரும் மாணவர்களிடம் என்ன ஆயிற்று என்று கேட்டால், "கடுப்பா இருக்கு", "மூட் அவுட்" என்ற இரண்டு சொற்களுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. சற்று நேரம் பேசிய பிறகு பார்த்தால், ஒருவனுக்கு இருப்பது ஏமாற்றம். இன்னொருத்திக்கு இருப்பது பொறாமை, அதைச் சொல்ல வெட்கம். மற்றொருவனுக்கு, வேலைக்காக வெளிநாடு போன தகப்பனை எண்ணி ஏக்கம். ஆற்றாமை, குற்றவுணர்வு, கூச்சம், மனத்தாங்கல், அச்சம், சலிப்பு என்று நம்மிடம் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. பெற்றோர் தமக்கு நேர்வதைச் சரியான சொல்லால் வீட்டில் சொல்லத் தொடங்கினால் பிள்ளைகளும் எடுத்துக்கொள்வார்கள். "இன்று அலுவலகத்தில் எனக்கு மனத்தாங்கலாகிவிட்டது, அரை மணி நேரம் என்னைத் தனியாக விடு" என்று ஒரு தந்தை சொல்வது, கோபத்தைப் பற்றிய எந்தச் சொற்பொழிவையும்விட நல்ல பாடம்.

பிள்ளை கத்திக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் என்ன செய்வது?

குறைவாகச் செய்யுங்கள். குரலைத் தாழ்த்துங்கள், இரண்டடி விலகி நில்லுங்கள், வாசலை மறிக்காதீர்கள், கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். "இப்போது வேண்டாம், சாப்பிட்ட பிறகு பேசலாம்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி பிறகு பேசுங்கள். ஒத்திவைத்ததை மறந்துவிட்டால் அடுத்த முறை அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்காது. தண்டனை தேவைப்பட்டாலும் அதை மறுநாள் முடிவு செய்யுங்கள். கொதிப்பில் இருப்பது பிள்ளை மட்டுமல்ல. அடிப்பது எந்த நிலையிலும் வேண்டாம். கோபம் வந்தால் கை நீளலாம் என்பதே அதிலிருந்து பிள்ளை கற்கும் பாடம்.

எனக்குப் பதினாறு வயது. கோபத்தில் ஏதாவது மெசேஜ் அனுப்பிவிட்டுப் பிறகு அழுகிறேன். நானே என்னை எப்படிப் பிடித்து நிறுத்துவது?

இதைக் கேட்டதற்காக முதலில் உங்களைப் பாராட்ட விரும்புகிறேன். அந்த நொடியில் உறுதியாக இருப்பேன் என்று சபதம் எடுக்காதீர்கள். அந்த நொடிக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்த எளிய முறை ஒன்று உண்டு: "இப்படி நடந்தால், இதைச் செய்வேன்" என்று ஒரே வாக்கியத்தில் முன்கூட்டியே எழுதிவைப்பது. "கோபப்படாமல் இருப்பேன்" என்பது பயன்படாது. "கை நடுங்கும்போது டைப் செய்தால், அதை அனுப்பாமல் நோட்ஸில் ஒட்டிவைத்துவிட்டுப் பல் துலக்கப் போவேன்" என்பது பயன்படும். சூழ்நிலையும் செயலும் அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்குப் பிறகு கைப்பேசியை வேறு அறையில் வைப்பதும் உதவும், ஏனெனில் களைத்த நேரத்தில் பிறகு வருந்தும்படியான செய்தியை அனுப்பிவிடுவது எளிது. ஏற்கெனவே அனுப்பியதற்கு நாளை நேரில் மன்னிப்புக் கேளுங்கள். இன்னொரு மெசேஜில் வேண்டாம்.

தேர்வு முடிவு நாளில் பெற்றோர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

அவமானம், அச்சம், ஒப்பீடு ஆகிய மூன்றும் ஒரே மணி நேரத்தில் வந்து சேரும் நாள் அது. தமிழ்நாட்டில் 2017 முதல் பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம் பெற்றவர்களின் பட்டியலை அரசு வெளியிடுவதில்லை. நல்ல முடிவு; ஆனால் அதே பட்டியலைத் தெருவிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் நாமே தயாரித்துவிடுகிறோம். முடிவுக்கு முந்தைய நாள், வீடு அமைதியாக இருக்கும்போது, "எது வந்தாலும் நாளை மதியம் சேர்ந்து சாப்பிடுகிறோம், அடுத்த வாரம் அடுத்ததைப் பற்றிப் பேசுகிறோம்" என்று சொல்லிவிடுங்கள். தேர்ச்சி பெறாவிட்டால் அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுதிக் கல்லூரியில் சேர முடியும் என்பதையும் அன்றே சொல்லுங்கள். அன்று முழுவதும் பிள்ளையைத் தனியாக விட வேண்டாம். உறவினர்களின் அழைப்புகளை நீங்கள் எடுங்கள். பிள்ளை வாழ விருப்பமில்லை என்ற பொருளில் எதையாவது சொன்னால், மிரட்டுகிறது என்று ஒதுக்காமல் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படாது. இந்தியாவில் அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேச அழைக்கலாம். சிறார்களுக்கு 1098 உண்டு. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

பதின்பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சட்டம் ஏற்கிறதா?

ஓரளவு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் ரோப்பர் வழக்கில், 18 வயதுக்கு முன் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று தீர்ப்பளித்தபோது பதின்பருவத்தின் முதிர்ச்சிக் குறைவைக் காரணங்களுள் ஒன்றாகக் கொண்டது. இந்தியாவின் 2015 சிறார் நீதிச் சட்டம், கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதினரைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று முடிவு செய்வதற்கு முன், விளைவுகளைப் புரிந்துகொள்ளும் திறன் அவர்களுக்கு இருந்ததா என்று சிறார் நீதிக் குழுமம் மதிப்பிட வேண்டும் என்கிறது. எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. அமைதியான அறையில் கேள்விகளுக்கு விடை சொல்ல வைத்து அளப்பது, 16 வயதிலேயே முதிர்ந்துவிடும் அந்தக் குளிர்ந்த அறிவைத்தான். குற்றம் நிகழ்ந்த இரவில், நண்பர்கள் சூழ, கொதிப்பின் நடுவில் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கட்டுப்பாடு இருந்தது என்பதை அந்த அறை காட்டாது.

இது வயதுக்கேற்ற இயல்பா, சிகிச்சை தேவைப்படும் நிலையா என்று எப்படி அறிவது?

கோபம் தணிந்த பிறகு பிள்ளை பழையபடி சாப்பிடுகிறதா, நண்பர்களோடு சிரிக்கிறதா, பிடித்த விளையாட்டுக்குப் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் பெரும்பாலும் வயதின் இயல்பு. இரண்டு வாரங்களுக்கு மேல் தொடரும் சோர்வு, பிடித்தவற்றையே கைவிடுதல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், மது அல்லது போதைப்பொருள், பிறரையோ வளர்ப்பு விலங்குகளையோ தாக்குதல், உறக்கத்திலும் உணவிலும் பெரிய மாற்றம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கட்டணமின்றிக் காட்டலாம். பிள்ளையை ஏமாற்றிக் கூட்டிச் செல்லாமல், எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்பதை வீட்டிலேயே சொல்லி, மருத்துவரிடம் தனியாகப் பேச விரும்பினால் வெளியே காத்திருங்கள்.